மாமனின் வலது முழங்கால்

கைப்பிடி மண் சொந்தமில்லாத வீட்டில் பிறந்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் எருமை மேய்க்கப் போய்விட்டேன். இன்றைக்கு என் பெயரில் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி இரண்டு ஓடுகிறது. புதுச்சத்திரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை வரைக்கும் எந்தக் காட்டில் மோட்டார் சத்தம் கேட்டாலும், பாதிக்குப் பாதி என் வண்டி இறக்கிய குழியாகத்தான் இருக்கும். புல்கூட முளைக்காது என்று எல்லோரும் சொன்ன பாறைக் காட்டில் கோழிப்பண்ணை வைத்தேன். சிரித்தவர்கள் பிறகு என்னிடமே முட்டை வாங்க வந்தார்கள். மாரியம்மன் கோயில் தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூட மேடை, பஸ் நிற்கிற இடத்து நிழற்குடை எல்லாம் நான் கட்டியது. எல்லாவற்றிலும் என் பெயர் இருக்கிறது. மேடையில் பெயரைச் சின்னதாக எழுதிவிட்டுப் போன பெயின்டரைத் திரும்ப வரவழைத்துப் பெரிதாக எழுத வைத்தவன் நான். செய்ததைச் சொல்லிக்கொள்ள எனக்கு என்ன வெட்கம்?

நான் செய்த ஒரே ஒரு காரியத்தில்தான் என் பெயர் இல்லை. அதற்காகத்தான் இந்த விழா மலரில் எழுதுகிறேன்.

என் சின்ன மாமன், அம்மாவுக்கு நேர் இளையவர், போன ஆடியில் காலமானார். வரும் பொங்கலுக்கு அவர் நினைவாகக் கபடிப் போட்டி நடத்துகிறோம் என்று ஊர்ப் பையன்கள் பண்ணைக்கு வந்தார்கள். பிளக்ஸில் அவர் பெயருக்கு முன்னால் ‘கபடி சூப்பர் ஸ்டார்’ என்று போடலாமா, கூடாதா என்று அவர்களுக்குள்ளேயே வழக்கு.

“ஏனுங்க, ஸ்டேட்டுக்கு ஆடுனவங்களே அடக்கமா இருக்கறாங்க. இவரு சுத்துப்பட்டு ஊரத் தாண்டி ஆடுனதில்லீங்க. சூப்பர் ஸ்டாருன்னா சிரிக்க மாட்டாங்களா?”

“எங்க தாத்தன கேளுடா. அவரு பாடிப் போனா எதுத்தாப்ல நிக்கறவனுக்குக் காலு நடுங்குமாமா.”

“என்னத்த நடுங்குச்சு? பைனல்ல ஒரே புடியில உழுந்தவருதான?”

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரே பிடியில்தான் விழுந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். மாமன் எங்கள் வீட்டில்தான் இருந்தார். பகலில் கிணறு வெட்டும் வேலை, சாயங்காலம் சடுகுடு. அந்தக் காலத்தில் கபடி என்று யார் சொன்னார்கள்? கோட்டைத் தாண்டிப் பாட்டுப் பாடிக்கொண்டு போவார். ஏழு பேர் கை கோர்த்து வளைத்தாலும், ஒருவன் தோளில் கையை ஊன்றி வெட்டுக்கிளி மாதிரித் தாண்டி வந்துவிடுவார். நான் பள்ளிக்கூடத்தில் எவனோடு சண்டை வந்தாலும் “எங்க மாமன் யாருன்னு தெரியுமாடா?” என்றுதான் ஆரம்பிப்பேன். பெருமை பேசுவதை நான் படித்த பள்ளிக்கூடம் அதுதான்.

அந்த வருஷம் பொங்கலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, வெட்டிக்கொண்டிருந்த கிணற்றில் ஒரு கல் உருண்டு மாமனின் வலது முழங்காலில் அடித்துவிட்டது. வெளியே சொல்லவில்லை. காரணம் இருந்தது. சேலத்தில் ஒரு நூல் மில்லுக்குச் சொந்தமாக ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். நன்றாக ஆடுகிறவனுக்கு அங்கே நிரந்தர வேலை. பொங்கல் போட்டியின் கடைசி ஆட்டத்தைப் பார்க்க மில்லிலிருந்து ஆள் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கால் விஷயம் தெரிந்தால் அம்மாவே அவரைத் தூணில் கட்டிப் போட்டுவிடுவாள்.

தெரிந்தது எனக்கு மட்டும். விடிந்ததும் கோழிக்கூடையில் கை விட்டு ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்கு ஓடுவேன். மாமன் வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்து முழங்காலில் பூசுவார். நான் துணியைச் சுற்றுவேன். மஞ்சள்கரு என் கூலி. அப்படியே வாயில் ஊற்றிக்கொள்வேன். முட்டை காணாமல் போவதற்கு அம்மா முதலில் கீரிப்பிள்ளையைத் திட்டினாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியைச் சாடை பேசினாள். நானும் மாமனும் கொட்டகைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

முன்பு மாதிரி அவரால் தாண்ட முடியவில்லை. அதனால் எதிரில் ஏழு பேரும் நிற்கும்போது போகமாட்டார். மற்றவர்கள் போய் ஆட்களைக் குறைத்த பிறகு, மூன்று நான்கு பேர் மிஞ்சும்போது போய்த் தொட்டுவிட்டு வருவார். அப்படியே கடைசி ஆட்டம் வரைக்கும் எங்கள் ஊரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

மாட்டுப்பொங்கலன்று மத்தியானம் கடைசி ஆட்டம். காலையில் நான் டீக்கடைப் பக்கம் போனேன். எதிர் ஊர் ஆட்டக்காரர்கள் பெஞ்சு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு மாமனைப் பற்றித்தான்.

“அவனெல்லாம் ஒரு சூரனா? ஏழு பேரு நிக்கையில ஒருக்காலாச்சும் போறானா? ஆளில்லாத ஊட்டுல பூந்து திருடறவனாட்ட, மூணு பேரு நிக்கையில போயித் தொட்டுட்டு வாரான். அதுக்கு இத்தன கொட்டு!”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்களில் கடுக்கன் போட்ட ஒருவர் மட்டும் சிரிக்காமல் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். கடைக்காரரிடம் சொல்லிக் கை நிறையக் கமர்கட் வாங்கிக் கொடுத்தார்.

“அவன் உங்க மாமனா சாமி? சூரன்னுதான் நானும் சொல்றேன், இவனுக கேக்க மாட்டீங்கறானுக. நீயே சொல்லு, ஏழு பேரு நிக்கையில ஏன் போறதில்ல?”

எழுந்து நின்று சொன்னேன். இன்றைக்கு மேடையில் மைக் பிடித்துப் பேசுகிறேனே, அந்த மாதிரி.

“எங்க மாமனுக்கு வலது முழங்காலு வீங்கிக் கெடக்குதுங்க! நாந்தான் தெனமும் கட்டுப் போடறேன். அந்தக் காலோடயே இத்தன பேர செயிச்சுப்போட்டாரு. நல்ல காலா இருந்தா உங்கள்ல ஒருத்தரு நிப்பீங்களா?”

கடுக்கன்காரர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கமர்கட்டை டவுசர் பைகளில் திணித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

கடலை பிடுங்கிய காட்டில் ஆட்டம். மில்லிலிருந்து வந்தவர் குடையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டு வெளியே தெரியக் கூடாது என்று மாமன் அன்றைக்கு அதை அவிழ்த்துவிட்டிருந்தார். எதிரில் நான்கு பேர் மிஞ்சியபோது பாடிக்கொண்டு போனார். ஒருவனைத் தொட்டுவிட்டார். திரும்புகிற நேரத்தில் மூலையில் குந்தியிருந்த கடுக்கன்காரர் பாய்ந்தார். இடுப்பையும் பிடிக்கவில்லை, கணுக்காலையும் பிடிக்கவில்லை. வலது முழங்காலை இரண்டு கையாலும் அணைத்து ஒரே திருப்பு. காய்ந்த துவரைமார்க் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். மாமன் பாடிய பாட்டு பாதியில் நின்றது.

கட்டில் கொண்டுவந்து அதில் கிடத்தி நான்கு பேர் தூக்கினார்கள். குடைக்காரர் பஸ்ஸுக்கு எழுந்து போய்க்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே கட்டில் கூடவே ஓடினேன். அழுகையிலும் கன்னத்தில் ஒரு கமர்கட் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த மாமன் அதைப் பார்த்தார்.

“யாரு மாப்ள வாங்கிக் குடுத்தா?”

கூட்டம் தோளில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்த கடுக்கன்காரரைக் காட்டினேன். “அந்த மாமா. காலைல, டீக்கடைல.”

மாமன் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் தலையில் கையை வைத்தார்.

“சரி சாமி. முழுங்கிப்போடு. இத யாருகிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டக்கூட.”

கண்டவர்களிடம் தின்பண்டம் வாங்கினால் அம்மா அடிப்பாள். அதற்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். என்னைக் காப்பாற்றியதற்காக மாமன் மேல் எனக்குப் பாசம் இன்னும் கூடிவிட்டது.

அந்தக் கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. மில் வேலை போயிற்று. கால் மடங்காதவருக்குப் பெண் கொடுக்கவும் யாரும் வரவில்லை. நான் பண்ணை வைத்ததும் அவரை முட்டை அடுக்குகிற வேலையில் உட்கார வைத்தேன். “எங்க மாமனுக்கு நாந்தான் வாழ்வு குடுத்தேன்” என்று போகிற வருகிற ஆட்களிடமெல்லாம் சொன்னேன். அவர் காது கேட்கவே சொல்லியிருக்கிறேன்.

எனக்கு விவரம் தெரிந்தது முப்பது வயதுக்கு மேல், வாழப்பாடியில் ஒரு டீக்கடையில். உங்களாட்டம் போர் வண்டிக்காரர் உண்டா என்று ஒருவர் புகழ்ந்து டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த வேலை எந்தக் காட்டில் என்று பெருமையில் உளறிவிட்டேன். மறுநாள் நான் போவதற்குள் அங்கே அவருடைய போர் வண்டி நின்றது. திரும்பி வருகிற வழியில் என் நாக்கில் கமர்கட் இனித்தது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்துகொண்டேன்.

நேராகப் பண்ணைக்குப் போனேன். மாமன் காலை நீட்டி உட்கார்ந்து அட்டையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன மாப்ள, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?”

“ஒண்ணுமில்லீங்க மாமா. உங்களுக்கு ஒரு மெத்த நாற்காலி வாங்கிப் போடலாம்னு.”

வாங்கியும் போட்டேன். வாங்கிப் போட்டதை ஊரெல்லாம் சொன்னேன். சொல்ல வேண்டியதை மட்டும் போன ஆடியில் அவர் கண் மூடுகிற வரைக்கும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆகவே தம்பிகளே, சூப்பர் ஸ்டார் என்று போடுங்கள். பெரிதாகப் போடுங்கள். அடிபட்ட காலோடு கடைசி ஆட்டம் வரைக்கும் வந்தவர் அவர். நன்கொடையாளர் என்று என் போட்டோவை அவர் போட்டோவுக்கு மேலே வைத்திருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். கீழே ஒரு வரி வேண்டும்: பைனலில் அவரை வீழ்த்தியது கடுக்கன்காரர் மட்டுமல்ல, வலது முழங்கால் என்று காட்டிக்கொடுத்தது அக்காள் மகன். என் முழுப்பெயரையும் அங்கே போடுங்கள். தொட்டியிலும் மேடையிலும் கேட்டு வாங்கிய பெயர்தான். இதையும் கேட்டே வாங்குகிறேன்.

எழுத்து மட்டும் சின்னதாக இருக்கக் கூடாது.