முத்தாயம்மாள் நடத்திய பத்தாம் வகுப்பு

எருமப்பட்டியிலிருந்து மூன்று மைல் வந்து, சாலையை விட்டு வண்டித்தடத்தில் இறங்கினால் காளியண்ணன் தோட்டம். குச்சிக்கிழங்கும் கடலையும் போட்ட ஒன்பது ஏக்கருக்கு நடுவே ஒரே ஓர் ஓட்டு வீடு. அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. முத்தாயம்மாள் அங்கே மருமகளாக வந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. கணவன் ராசப்பன் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர இருபது நாள் ஆகும். வீட்டில் மாமனார் காளியண்ணன் சொன்னதுதான் சட்டம். பேத்திக்கு அவர் ‘அப்பாரு’.

1976 மே மாதம் அவளுடைய ஒரே மகள் வசந்தாமணி எட்டாம் வகுப்பு தேறினாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கப் பஸ் ஏறிப் போக வேண்டும். அதே மாதத்தில்தான் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, பஸ்ஸில் பழக்கமான லாரி கிளீனரோடு போய்விட்டாள். சுற்று வட்டாரத்தில் வயசுக்கு வந்த பெண்கள் அத்தனை பேரின் படிப்பும் ஒரே வாரத்தில் நின்றது.

“நம்மூட்டுப் புள்ள பஸ்ஸேறாது,” என்றார் காளியண்ணன்.

“அப்படீன்னா ஊட்டுல இருந்தே படிக்கட்டுமுங்க மாமா. பிரைவேட்டா பரீட்சை எழுதலாமுன்னு எங்கண்ணன் சொன்னாருங்க.”

“ஊட்டுல ஆரு சொல்லித் தருவா? எருமையா?”

“நானுங்க.”

அவர் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். முத்தாயம்மாள் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் படிப்பு சோறாக்கவா உதவிற்று என்று அவர் பல தடவை கேட்டிருக்கிறார்.

“சரி, படிக்கட்டும். வேல கெடக்கூடாது. புள்ள இந்த வேலியத் தாண்டக்கூடாது. பரீட்சையும் ஒருதரந்தான். தேறலீன்னா அடுத்த தையில கல்யாணம். அப்பறம் என்றகிட்ட வந்து மூக்குறிஞ்சிக்கிட்டு நிக்கக்கூடாது.”

“சரிங்க மாமா.”

சொல்லிவிட்டு அவள் சந்தோஷமாகத்தான் உள்ளே போனாள். தான் எதற்குச் சரி என்று சொன்னோம் என்பது நாளாக ஆகத்தான் புரிந்தது. மகள் வேலிக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றால் கூப்பிட வேண்டும். தடத்தில் சைக்கிள் மணி கேட்டால் எட்டிப் பார்க்க விடக்கூடாது. மாமனார் வாயால் போட்ட வேலிக்கு அவளே காவலாக நின்றாள்.

பாடம் நடந்தது கிணற்று மேட்டில். மோட்டாருக்குக் கரண்ட் வரும் நேரம் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணை வெட்டிப்போட்டு மடையை அடைத்து, அடுத்த பாத்திக்குத் திருப்ப வேண்டும். ஒரு பாத்தி நிறைய எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷம் ஒரு கணக்கு. அடுத்த எட்டு நிமிஷம் ஆங்கிலத்தில் நான்கு வரி. புத்தகங்கள் அண்ணனுடையவை. 1959-இல் அவன் எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் பிறந்த வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்தான். ஒரு தகரப் பெட்டி நிறைய அவற்றைக் கேட்டு வாங்கியிருந்தாள். தனக்குத் தெரியாததை முந்தின நாளே தனியாகப் படித்துப் பார்த்து, தெரிந்தவள் மாதிரி மறுநாள் சொல்லிக் கொடுப்பாள்.

முதல் வருஷம் ஒழுங்காகப் போனது. இரண்டாம் வருஷம் வசந்தாமணிக்குப் பதினைந்து வயது. ஒருநாள் எட்டாவது பாத்தியில் பென்சிலை வீசி எறிந்தாள்.

“எனக்கு வேண்டாம். பள்ளிக்கூடத்துல வாத்தியார் அடிச்சா ஊட்டுக்கு வந்து அழுகலாம். ஊட்டுல அம்மா வஞ்சா பள்ளிக்கூடத்துல போயி மறந்தரலாம். இங்க ரெண்டும் நீயே. நான் எங்கீன்னு போறது?”

“பென்சில எடு.”

“எடுக்கமாட்டேன். நீ எனக்குப் படிப்புச் சொல்லித்தாறியா, அப்பாருக்குக் காவல் இருக்கறியா? அதச் சொல்லு முதல்ல.”

முத்தாயம்மாள் ஓங்கி ஓர் அறை விட்டாள். அறைந்த கை அன்றெல்லாம் எரிந்தது. மகள் கேட்டதில் பொய் இல்லை என்று தெரிந்ததால்தான் அடித்தாள். மூன்று நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தப்பித்து ஓட இருவருக்கும் வேறு இடம் இல்லை. ஒரே அடுப்பு, ஒரே கிணறு, ஒரே கட்டில். நாலாம் நாள் வசந்தாமணி தானாக வந்து பென்சிலைத் தேடி எடுத்தாள். அதில் மன்னிப்பு ஒன்றும் இல்லை. சும்மா இருப்பது படிப்பதைவிடச் சலித்துப்போயிருந்தது.

1979 ஜனவரியில் ராசப்பன் நாமக்கல்லில் லாரியை நிறுத்திவிட்டு விண்ணப்பப் பாரம் வாங்கி வந்தான். கூடவே கடைக்காரன் கொடுத்தான் என்று பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்றும் கொண்டுவந்தான். “புதுசாமா. நீ கேக்கவேயில்லீயே, இருந்தாலும் வாங்கியாந்தேன்.”

முத்தாயம்மாள் புரட்டினாள். முதல் பாடம் கணங்கள். வட்டத்துக்குள் வட்டம், வளைந்த அடைப்புக்குறி, தலைகீழாகக் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு குறி. அவள் கண்டதே இல்லை. இன்னும் புரட்டினாள். பதினோராம் வகுப்பில் எழுதிய பழைய பரீட்சை போய், பத்தாம் வகுப்பில் எழுதும் பரீட்சை வந்ததும், பாடம் மாறியதும் அந்தத் தோட்டத்துக்குள் யாருக்கும் தெரியவில்லை. இரண்டரை வருஷம் அவள் அதட்டி, திருத்தி, அடித்துச் சொல்லிக் கொடுத்ததில் பாதி இனிப் பரீட்சைக்கு வராது. பரீட்சைக்கு இருந்தது எழுபது நாள்.

அதை அவள் நாலு நாள் மகளிடம் சொல்லவில்லை. புத்தகத்தை அரிசிக் குதிருக்குப் பின்னால் வைத்தாள். பழைய புத்தகத்திலிருந்தே கணக்குக் கொடுத்தாள். மாடு கறக்கும்போதும் அந்தக் கவிழ்த்த கிண்ணம்தான் கண்ணில் நின்றது.

பல வருஷம் கழித்து, மூத்த மகனைப் போலியோவால் பள்ளிக்கு அனுப்ப முடியாமல் வீட்டில் வைத்துப் படிப்பித்த கந்தம்மாள் என்பவள் முத்தாயம்மாளிடம் யோசனை கேட்டு வந்தாள். “எனக்கே ஒண்ணும் தெரீலீங்கக்கா, நான் எப்படி மேல் வகுப்பு நடத்தறது?” என்று அழுதாள். முத்தாயம்மாள் சொன்னது இதுதான்: “தெரீலீன்னா தெரீலீன்னு சொல்லு சாமி. நான் தப்புத்தப்பா ரெண்டரை வருசம் நடத்துனேன். அதுகூட வீணாப் போகல, புள்ளைக்கு உக்காந்து படிக்கற பழக்கம் வந்துது. தெரிஞ்சும் மறைச்சேன் பாரு, அந்த நாலு நாள்தான் வீணு.”

ஐந்தாம் நாள் அவள் புத்தகத்தை மகள் மடியில் வைத்தாள். “இதுதான் பாடம். நான் நடத்துனது பழசு. எனக்கு இது ஒரு எழுத்தும் புரியல.”

வசந்தாமணி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. வெகுநேரம் பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“நெசமாலுமே உனக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“ஒண்ணுமே?”

“அட, ஒண்ணுமே தெரியாதுன்னா உடேன்!”

மகள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இரண்டு வருஷத்தில் அந்தச் சிரிப்பை முத்தாயம்மாள் பார்த்ததில்லை. “அப்ப நீயும் கீழ உக்காரு. மேட்டு மேல உக்காந்துக்கிட்டு அதிகாரம் பண்ணாதே.”

அதற்குப் பிறகு ஒரு மண்வெட்டி, ஒரு புத்தகம், இரண்டு மாணவிகள். இரண்டு வாரம் கணங்கள் இருவரையும் ஆட்டி வைத்தன. ஒருநாள் வசந்தாமணி ஈர மண்ணில் குச்சியால் இரண்டு வட்டம் போட்டாள்.

“அம்மா, இங்க பாரு. இது நம்ம பங்காளிங்க. சின்னண்ணன் பெரியப்பா, சுப்பையன் சித்தப்பா, எல்லாரும் இதுக்குள்ள. இந்தப் பக்கத்து வட்டம் மாமன் மச்சான். உங்கண்ணன் இதுக்குள்ள. ரெண்டு வட்டத்துலயும் இருக்கற ஆளு ஆரு?”

“அதெப்படிடி இருப்பாங்க? பங்காளி எப்படி மாமனாவான்? கேக்கறவங்க காறித் துப்புவாங்க.”

“ஆருமில்லீல்ல? அதுதான் வெற்றுக்கணம்.”

முத்தாயம்மாள் புத்தகத்தைப் பார்த்தாள். மண்ணைப் பார்த்தாள். “இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“இதுக்கா நான் நாலு நாள் சோறு திங்காம இருந்தேன்?” என்று சிரித்தவள், குச்சியை வாங்கிக்கொண்டு கேட்டாள்: “அப்ப நான் எதுல இருக்கறேன்?”

வசந்தாமணி யோசித்தாள். “நீ பொறந்தது அந்த வட்டம். எடுத்து இதுல போட்டுட்டாங்க.”

“நீ?”

“என்னைய இன்னும் எடுக்கல.”

அதற்குள் பாத்தி நிறைந்து உடைந்து, தண்ணீர் இரண்டு வட்டத்தையும் அழித்துக்கொண்டு ஓடியது. தூரத்திலிருந்து காளியண்ணன் கத்தினார்: “ஏம்புள்ள, தண்ணி ஊர்கோலம் போகுது, ரெண்டு பேரும் அங்கென்ன பல்லாங்குழியா ஆடறீங்க?”

வசந்தாமணி பரீட்சை எழுதினாள். முத்தாயம்மாள் தினமும் கூடவே போய், பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஜூன் மாதம் மார்க் வந்தது. கணக்கில் ஐம்பத்திரண்டு. ஆங்கிலம், தமிழ் எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். அறிவியலில் மட்டும் முப்பத்தொன்று. முப்பத்தைந்து வேண்டும்.

காளியண்ணன் கொள்ளுப்பேரனும் கொள்ளுப்பேத்தியும் என்று அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர்வண்டி வைத்திருந்த குடும்பம் ஒன்றுக்கு ஆள் அனுப்பப் போவதாகச் சொன்னார். முத்தாயம்மாள் ஒரு வாரமாகக் கெஞ்சிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. ஒருநாள் மத்தியானம் அவள் அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் மகளுடைய குரல் கேட்டது.

“அப்பாரு, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்.”

“உங்கம்மாளச் சொல்லச் சொல்லு.”

“அம்மா சொன்னது போதுமுங்க. நான் சொல்றேன்.”

முத்தாயம்மாள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய் நடுவில் விழ வேண்டும் போலிருந்தது.

“நாலு மார்க்குதான் விட்டிருக்குது. போன கோடையில கிணறு வத்துச்சே, மூடியா போட்டீங்க? இன்னும் நாலு முழம் வெட்டுனீங்கல்ல?”

“வாய் நீளுது. இதுக்குத்தான் உங்கம்மா படிக்க வெச்சாளா?”

“இல்லீங்க. இது நானாப் படிச்சது.”

காளியண்ணன் கனைத்தார். “ஒருதரந்தான்னு சொன்னனா இல்லியா?”

“சொன்னீங்க. தையிலன்னும் சொன்னீங்க. தைக்கு ஏழு மாசம் இருக்குது. செப்டம்பர்ல பரீட்சை வந்துரும். அதுவரைக்கும் நான் சும்மா இருந்து உங்களுக்கு என்னாகப்போகுது?”

“நாமக்கல்லுக்குப் பாரம் வாங்க ஆரு போறது? வெள்ளிக்கிழம கடைசி நாளுங்கறாங்க. உங்கய்யன் பம்பாயில கெடக்கறான். எரும இன்னைக்கோ நாளைக்கோ கன்னு போடும், உங்கம்மாளும் நகர முடியாது.”

“நானே போறேன். ஒம்பதரை பஸ்ஸுக்குப் போயி ரெண்டு மணி பஸ்ஸுக்கு வாரேன்.”

“தனியாவா?”

“தனியாத்தானுங்க.”

காளியண்ணன் அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “ஏம்புள்ள, கேட்டியா உன்ற மக பேச்ச? நீ என்ன சொல்றே?”

முத்தாயம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். எருமை எக்கேடு கெட்டாலும் நானும் கூடப் போறேனுங்க என்பதுதான் வாயில் வந்தது. அது பயம் மட்டும் இல்லை. மூன்று வருஷம் அந்தப் பிள்ளையைக் கண்ணெதிரே வைத்திருந்து பழகிய கண், இனி விடமாட்டேன் என்றது. பஸ்ஸில் போன பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணும் நினைவுக்கு வந்தாள். மகள் திரும்பி அடுப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கெஞ்சவில்லை. இவள் என்ன சொல்வாள் என்று தெரிந்துகொள்ள மட்டும் காத்திருந்தாள்.

“போயிட்டு வரட்டுமுங்க மாமா,” என்றாள் முத்தாயம்மாள்.

“அப்ப உன்ற பொறுப்பு.”

“என்ற பொறுப்பில்லீங்க. அவ பொறுப்பு.”

காளியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதுவே பெரிய விஷயம்.

மறுநாள் காலை வசந்தாமணி தலை சீவி, பழைய மார்க் காகிதத்தை மடித்து ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். வண்டித்தடம் முடியும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. முத்தாயம்மாள் வேலி வரைக்கும் போனாள். அதற்கு மேல் அவளுக்குப் போக வேலை இல்லை. கரண்ட் வந்து மோட்டார் ஓடத் தொடங்கியது. முதல் பாத்திக்குத் திருப்பிவிட்டு, அறிவியல் புத்தகத்தை எடுத்து, இருவரும் புரியாமல் விட்டிருந்த மின்சாரப் பாடத்தை விரித்தாள். மகள் ரெண்டு மணி பஸ்ஸுக்கு வந்துவிடுவாள். அதற்குள் ஒரு பக்கமாவது பார்த்து வைக்க வேண்டும்.