பல்லக்குத் தூக்கியவரின் நோட்டு

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அக்காவின் கல்யாணம் முடியும்வரை இதை எங்கள் ஊர்க்காரர் யாருக்கும் காட்டிவிடாதீர்கள். பக்கத்தில் அவள் தூங்குகிறாள். அவளுடைய போனில்தான் போர்வைக்குள் இந்தப் பயணப் பதிவை எழுதுகிறேன்.

அப்பாவின் தாத்தா போடி அரண்மனையில் திவானாக இருந்தார் என்பது எங்கள் வீட்டுப் பெருமை. கல்யாணப் பத்திரிகையிலும் 'திவான் வம்சம்' என்று அச்சாகிவிட்டது. போன வாரம் பரணில் அவர் எழுதிய நோட்டு அகப்பட்டது. அவர் பல்லக்குத் தூக்கியவர். ஜமீன்தாரை மலைக்குச் சுமந்த வழியில் எங்கெங்கே தோள் மாற்றினார்கள் என்று எழுதியிருந்தார். நாலு பக்கம் படிப்பதற்குள் அப்பா பிடுங்கி, அடுப்பில் போட்டு எரிக்கச் சொல்லி, எங்கள் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு ஜீப்பில் அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டு 6.40 ஜீப்பில் ஏறினேன். போடிமெட்டுக்கு இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள், எண்பது ரூபாய்.

"புத்தகப் பையோட தோட்டத்துக்கா? பரிச்சைக்குப் பயந்து ஓடுறியா பாப்பா?" என்றார் டிரைவர்.

"பிள்ளைய விடுப்பா. நீ எட்டாப்பே தாண்டல," என்றார் பின்னாலிருந்த ஒரு அக்கா. ஜீப்பே சிரித்தது.

நாலாம் வளைவில் மேகம் உள்ளே வந்துவிட்டது. அதற்குள் எட்டுப் பேர் மூச்சு வாங்க நடப்பதுபோலவும், ஒரு பட்டுக் குஞ்சம் ஆடுவதுபோலவும் இருந்தது. பழைய பாதை எது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் என் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

8.15க்கு இறங்கி, பத்து நிமிட நடை. ஸ்டோரில் பச்சைக் காய்களுக்கு நடுவே, தட்டில் விரித்துக் கிடந்தது நோட்டு!

"எரிக்கலையாக்கா?"

"நமுத்த நோட்டு ஆத்தா," என்றார் அடுப்பு பார்க்கிறவர். "போட்டா புகையும். புகை பட்டா காய் நெறம் மாறிப்போகும், ஒங்கப்பாதான் என்னையத் திட்டுவாரு. காஞ்சதும் எரிக்கணும்."

"எனக்குத் தாங்கக்கா."

என் முகத்தையே பார்த்தார். "வெரசா எடுத்துட்டு ஓடு. நான் சோலியா இருந்தேன், ஒன்னையப் பாக்கவே இல்ல."

இப்போது நோட்டு தலையணை உறைக்குள் ஏலக்காய் வாசனையோடு இருக்கிறது. கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் அரண்மனைக் கதைகளில் பல்லக்கில் உட்கார்ந்தவர்தான் வருகிறார், தூக்கியவர் வருவதில்லை. இருபத்திரண்டு பக்கங்களையும் படமெடுத்துக் கீழே சேர்த்திருக்கிறேன். நோட்டு மறுபடி அப்பா கையில் சிக்கினாலும் இவை இருக்கும்.

போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நான் திரும்பியது பதினொரு மணி ஜீப்பில். வெயில் வந்து மேகம் கலைந்துவிட்டது. அதனால் விடிந்ததும் ஏறுங்கள், தூங்கிவிடாதீர்கள். பத்தாம் பக்கத்தில் அவர் எழுதியிருக்கிறார்: "எசமான் தூங்கிவிட்டார். மலையை நாங்கள்தான் பார்த்தோம்." அதற்கு அடுத்த வரியில்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. 'வெளியிடு' என்பதை அழுத்தப்