பின்படிக்கட்டுப் பேய்க்குப் படைத்த வடை

பேய் காட்டுவதற்கென்றே பிறந்தவள் நான் என்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உறுதியாக நம்பினேன்.

லண்டனின் ஓரத்தில் ஒரு பழைய மாளிகை. அமெரிக்காவின் தெற்கில் பருத்தித் தோட்டம் வைத்திருந்த ஒருவர், ஊர் திரும்பியதும் தன் தோட்டத்து வீட்டைப் போலவே வெள்ளைத் தூண்கள் நிறுத்திக் கட்டியது. அங்கிருந்து ஓர் அடிமைப் பெண்ணையும் சமையலுக்குக் கொண்டுவந்தாராம். ரொட்டி ஒன்றை எடுத்துத் தின்றாள் என்று அவளைப் பின்படிக்கட்டின் கீழுள்ள அலுமாரியில் பூட்டி, பட்டினி போட்டுச் சாகவிட்டார்களாம். இன்றும் அங்கே தட்டுகள் கிலுங்கும் என்பது வீட்டின் கதை.

பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்த எனக்கு அங்கே விடுமுறைக்கால வேலை: வாசலில் டிக்கெட் கிழிப்பது. வழிகாட்டிகள் கதை சொல்லும்போது கதவோரம் நின்று முழுவதையும் மனப்பாடம் செய்தேன். வீட்டில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஊளையிட்டுப் பழகினேன். “என்ன பிள்ளை, வயித்துக்குத்தோ?” என்று அப்பா இஞ்சித்தண்ணீரோடு வந்து கதவைத் தட்டினார். கலைஞர்களைக் குடும்பம் புரிந்துகொள்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் லண்டனின் ஹரோ பகுதியிலிருந்து ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, பிள்ளைகளும் தாய்மாருமாகச் சுற்றுலா வருவதாகச் செய்தி வந்தது. மனேஜர் என்னைக் கூப்பிட்டார். “உங்கள் மொழியில் நீயே சொல். அவர்கள் அலறினால் வழிகாட்டி வேலை உனக்கு. இல்லாவிட்டால் டிக்கெட்தான்.”

அலற வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பின்படிக்கட்டில் குரலைத் தாழ்த்தினேன், கையை நடுக்கினேன், கடைசியில் பழகிய ஊளையையும் விட்டேன். ஒரு சின்னவன் கொட்டாவி விட்டான். முன்னால் நின்ற ஆன்ட்டி ஒருவர் மட்டும் முகம் வாடிக் கேட்டார்:

“அவவுக்கு ஆரும் ஏதும் படைச்சவையோ?”

“இல்லை ஆன்ட்டி. இது... பேய்.”

“பேயெண்டால்? பசியில செத்தவ எண்டு நீதானே பிள்ளை சொன்னனீ. இவ்வளவு காலமும் டிக்கெட் வித்துப் பாக்கினம், ஒருத்தரும் ஒரு வாய் சோறு வைக்கேல்லையோ?”

நான் யோசித்து முடிப்பதற்குள் பைகள் திறந்துவிட்டன. மாளிகைக்குள் சாப்பாடு கூடாது என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கடதாசித் தட்டில் வடை, வாழைப்பழம், பிளாஸ்கிலிருந்து ஒரு கப் தேத்தண்ணி. பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்த மட்டன் றோல்ஸ் வைக்கலாமா என்பதில்தான் தகராறு.

“சனிக்கிழமையில இறைச்சி, மச்சம் வைக்கிறதோ?”

“அவ என்ன, சனிக்கு விரதமே? வையுங்கோ.”

றோல்ஸும் வந்தது. எல்லோரும் கண்ணை மூடித் தேவாரம் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்து மேல்மாடியில் மனேஜரின் சப்பாத்துச் சத்தம்.

வேலை போகப்போகிறது! வேறெதுவும் என் மூளையில் ஓடவில்லை. றோல்ஸைக் கோட்டுப் பைக்குள் திணித்தேன். தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தேன். வடைகளை வாய்க்குள் அடைத்தேன்.

ஆன்ட்டி கண்ணைத் திறந்தார். “ஐயோ! படைச்சதைத் தின்னுறாள்! தேவாரம் முடியேல்லை, அதுக்குள்ள தின்னுறாள்!”

தாய்மார் ஒன்றாகக் கத்தினார்கள். தாய்மாரே கத்துகிறார்கள் என்றதும் பிள்ளைகள் வீரிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். மனேஜர் வந்து பார்த்தபோது, வாய் நிறைய வடையும் உறைப்பில் வழியும் கண்ணீருமாகச் சுவரோடு ஒட்டி நின்றேன்.

“பட்டினிப் பெண்ணாகவே நடித்தாயா!” அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அடுத்த வாரமும் இதேபோல் செய்.”

மறுத்திருக்கலாம். வாயில் இடமில்லை.

கோச் பஸ் புறப்படும் முன் ஆன்ட்டி என்னைத் தனியே அழைத்து, வெள்ளித்தாளில் சுற்றிய வடையொன்றைக் கையில் வைத்தார். “இது உனக்கில்லை. விளங்குதோ?”

“ஓம் ஆன்ட்டி.”

எல்லோரும் போனபின் அதை அலுமாரிக்குள் வைத்தேன். அந்த அலுமாரியைக் காட்டிக் கதை சொல்லத் தெரிந்த நான், அன்றுதான் முதன்முதலாகக் குனிந்து உள்ளே பார்த்தேன். ஓர் ஆள் காலை நீட்ட இடமில்லை.

அடுத்த நாள் வடை இல்லை. எலி என்றார் மனேஜர். வரலாறு படிக்கிறவள், நானும் எலி என்றுதான் சொன்னேன். ஆனால் அதன்பின் சனிக்கிழமைகளில், நடிப்புக்கு என்று அம்மாவிடம் வடை சுடச் சொன்னபோதெல்லாம், ஒன்று கூடுதலாகச் சுடச் சொன்னேன்.