குடலைக் காத்த பீட்ரூட்

என் மனைவியின் தம்பிக்கு மலத்தில் இரத்தம் கண்டதால், மாதக்கணக்கில் காத்திருந்து, குடலைக் கமராவால் பார்க்கக் கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு தேதி வாங்கியிருந்தோம்.

இன்று விடியற்காலை ஹுன்னஸ்கிரியவிலிருந்து பஸ்ஸில் அழைத்துப் போனேன்.

"காலையில என்ன குடிச்சீங்க?" என்று நர்ஸ் கேட்டார்.

"பீட்ரூட் ஜூஸ்தான் மிஸ். ஆன்டிஆக்ஸிடன்ட். ஃப்ரீ ரேடிக்கல் குடல் செல்லைக் கெடுக்காமத் தடுக்கும்னு வீடியோவுல சொன்னாங்க."

குடலெல்லாம் சிவந்து கிடந்தால் எது இரத்தமென்று யாருக்குத் தெரியும்? வேறு தேதி வாங்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சிவப்பாக எதையும் குடிக்காதே என்று நேற்றே படித்துப் படித்துச் சொன்னேன். விஞ்ஞானப் பட்டதாரியான என் பேச்சு இந்தக் குடும்பத்தில் என்றைக்கு எடுபட்டது?

திரும்பும் பஸ்ஸில் அவன் சொல்கிறான்: "கோவிக்காதீங்க மச்சான். நல்லதுக்குத்தானே குடிச்சேன்."

குடல் செல்லைக் காக்கும் சாறுகள் போதும். கையிலிருந்த தேதியைக் காக்கும் சாறு ஏதாவது தெரிந்தால் கீழே கமென்டில் எழுதுங்கள்.