கொக்கியில் தொங்கிய கொழுந்துப் பை

மலையேறும்போது தோள் நோகக் கூடாதென்று, பதுளைக் கடையில் இருந்த கேமரா ஸ்டாண்டுகளிலேயே லேசானதைத் தேர்ந்தெடுத்தேன். மடுல்சீமைக் காற்றில் அது ஆடியது. நிறைந்த தேயிலைக் கொழுந்துப் பையோடு இறங்கி வந்த ஓர் அக்காவை நிறுத்தி, ஆட்டம் அடங்க அந்தப் பையை ஸ்டாண்டின் கொக்கியில் மாட்டச் சொன்னேன்.

மாட்டினார். அவர் தலையில் பைக்கயிறு அழுத்திய பள்ளம் தெரிந்தது. எதிர்மலையை மூடிய பனி விலகும்வரை, பைக்குள் கைவிட்டு முற்றல் இலைகளைப் பொறுக்கி எறிந்துகொண்டே நின்றார்.

படம் எடுத்தபின், கொழுந்து நிறுக்கும் மடுவம்வரை அவரோடு போனேன். நிறுவை முடிந்து லொறி போயிருந்தது; அந்தப் பைக்கு இனிக் கூலி இல்லை.

"நேரமாச்சுன்னு ஏன்க்கா சொல்லல?"

"அத விடுங்க தம்பி. போட்டோ நல்லா வந்துச்சா?"

கொஞ்சம்கூட ஆடாமல் வந்திருந்தது.