முப்பது பேர் கூடி விவாதித்த என் வாக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. போன் அடித்தது. எடுத்தேன்.

"தங்கச்சி, அருள் நிக்கிறாரோ?"

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் சிவஞானம் அண்ணை. அருள் என் கணவர்.

"வேலையால இன்னும் வரேல்லை அண்ணை. என்ன விஷயம்?"

"இந்த வாக்கு விஷயமா ஒருக்காக் கதைக்கவேணும்."

"ஆரின்ர வாக்கு?"

"உங்கடதான் பிள்ளை."

"அப்ப என்னோடயே கதைக்கலாமே?"

"இல்லை... அது அருளோட கதைச்சாத்தான் நல்லம். நான் பிறகு எடுக்கிறன்."

வைத்துவிட்டார். நான் ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றேன். வாக்கு என்னுடையது. ஆனால் அதைப் பற்றி என்னோடு பேசினால் நல்லதில்லையாம்! எப்படி இருக்கிறது கதை?

இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் கதை ஓரளவு தெரியும். மன்னாரிலிருந்து கன்னியாஸ்திரிகள் வழியாகத் தாதிப் பயிற்சிக்கு இங்கே வந்தவள் நான். வந்தபோது வயது பத்தொன்பது. ஊரில் எனக்கு வாக்களிக்கிற வயது வந்தபோது தேர்தல் வரவில்லை. தேர்தல் வந்தபோது நான் ஜேர்மனியில் முதியவர்களுக்குப் படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன். ஆக, நரை எட்டிப் பார்க்கிற இந்த வயது வரை ஒரு தடவைகூட வாக்குப் போட்டதில்லை.

போன குளிர்காலத்தில்தான் ஜேர்மன் குடியுரிமை கிடைத்தது. என் கணவர் எனக்குப் பத்து வருடம் பிந்தி, அகதியாக வந்தவர். அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஹம் நகரத்தில் எங்கள் ஆட்கள் முந்நூறு பேர் இருப்போம், குஞ்சு குருமான் எல்லாம் சேர்த்து. வாக்கு உள்ள ஆள், எங்களுக்குத் தெரிந்தவரை, நான் ஒருத்திதான்.

இந்த நேரம் பார்த்து மாநிலத் தேர்தல் வந்தது. எங்கள் தொகுதியில் வருடக் கணக்காக உறுப்பினராக இருந்த பெரியவர் இனிப் போதும் என்று ஒதுங்கிவிட்டார். நாற்காலி காலி. அதைப் பிடிக்க இரண்டு புதுமுகங்கள் ஓடித் திரிந்தார்கள். ஒருவர் தாடி வைத்த பள்ளிக்கூட வாத்தியார். மற்றவர் வழக்கறிஞர் — ஞாயிறு தவறாமல் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் முன்வரிசையில் இருக்கிறவர்.

அஞ்சலில் வாக்காளர் அட்டை வந்த அன்று நான் செய்த மடத்தனம், அதைச் சந்தோஷத்தில் நாலு பேருக்குக் காட்டியதுதான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பிறகு வந்ததுதான் அந்த சிவஞானம் அண்ணையின் போன்.

அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் கூட்டம். பொருள்: "வரும் தேர்தலில் நமது நிலைப்பாடு." முப்பது பேர் வந்திருந்தார்கள். தலைவர் உரை, செயலாளர் உரை, விளையாட்டுக் கழகத்தின் சார்பில் ஜோர்ஜ் தம்பியின் உரை... முப்பது பேரில் ஒருவருக்கும் வாக்கில்லை. வாக்கு உள்ளவள் பின்பக்கச் சமையலறையில் அவர்களுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, விவாதம் சூடாகத்தான் நடந்தது. வாத்தியாரின் கட்சி வந்தால் அகதிகளுக்கு நல்லது என்று சிவஞானம் அண்ணை. அந்தக் கதையெல்லாம் தேர்தல் வரைக்கும்தான், வழக்கறிஞர் ஒரு போன் போட்டால் வெளிநாட்டவர் அலுவலகம் நடுங்கும் என்று ஜோர்ஜ் தம்பி. ஆளுக்கு ஆள் எழும்பி நின்று கத்தினார்கள்.

அவர்களுடைய பயம் எனக்கு விளங்காமல் இல்லை. அந்த மண்டபத்தில் பாதிப் பேர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசா நீட்டக் கியூவில் நிற்கிறவர்கள். மாநிலப் பாராளுமன்றத்தில் எங்கள் பெயர் தெரிந்த ஒரு மனிதன் இருந்தால் அது பெரிய காரியம். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று என்னிடம் ஒரு சொல் கேட்டால் நாக்கா தேய்ந்துவிடும்?

வடைத் தட்டோடு நானே முன்னுக்குப் போனேன்.

"அண்ணை, நான் ஒரு விஷயம் சொல்லலாமோ?"

சிவஞானம் அண்ணை கையிலிருந்த தாளைப் பார்த்தார். "பொறுங்கோ தங்கச்சி. பெண்களின்ர கருத்துக்குக் கடைசியில நேரம் ஒதுக்கியிருக்கு."

கடைசி வரவே இல்லை. ஆறு மணிக்குப் பாடகர் குழு ஒத்திகைக்கு வந்து கதவைத் தட்டியது. நிலைப்பாடு எடுக்காமலே கூட்டம் கலைந்தது. வடை மட்டும் ஒன்றும் மிஞ்சவில்லை.

நிலைப்பாடு இல்லாவிட்டால் என்ன, அவரவர் தனித்தனியாகக் கிளம்பிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை கடைத்தெருவில் கட்சிக்காரர்கள் குடை விரித்து, மேசை போட்டுப் பிரசாரம் செய்துகொண்டிருந்தார்கள். சிவஞானம் அண்ணை என் கணவரை வாத்தியாரிடம் கூட்டிப்போய்க் கைகுலுக்க வைத்தார். "நாங்கள் இஞ்ச முந்நூறு பேர்" என்று ஜேர்மனில் சொன்னாராம். பொய் இல்லை. முந்நூறு பேர்தான். முந்நூறு வாக்கு என்று வாத்தியார் தானாகவே நினைத்துக்கொண்டால் அண்ணை என்ன செய்வார்?

அரை மணித்தியாலம் கழித்து ஜோர்ஜ் தம்பி அதே அருளை எதிர்ப்பக்கம் இழுத்துப்போய் வழக்கறிஞரிடம் கைகுலுக்க வைத்தார். அங்கேயும் முந்நூறு பேர்.

என்னவர் ஒருவருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். இரண்டு கட்சியின் பேனைகளோடும் பலூன்களோடும் வீட்டுக்கு வந்தார்.

எனக்கு வந்ததே கோபம்!

"இஞ்சேருங்கோ, ஆரைக் கேட்டு ரெண்டு பேருக்கும் வாக்குத் தாறம் எண்டு சொன்னனீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. கை குடுத்தனான், அவ்வளவுதான்."

"என்ர வாக்குக்கு நீங்கள் என்னத்துக்குக் கை குடுக்கிறியள்?"

"ஏன், நான் ஒராளைச் சொன்னா நீர் போடமாட்டீரோ?"

"நீங்கள் சொல்லி நான் ஏன் போடவேணும்?"

அதற்கு மேல் நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத ஏலாது, பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். இருபது வருடமாகச் சம்பாதிக்கிறேன். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போகிறேன். சங்கத்து ஆட்களின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பதும் நான்தான். அதற்கெல்லாம் ஒருவரும் அருளைக் கேட்டதில்லை. வாக்குச்சீட்டில் ஒரு புள்ளடி போடுவதற்கு மட்டும் அருளின் அனுமதி வேண்டுமாம்!

அவர் பேனைகளை மேசையில் வைத்தார்.

"கம்பித் தொழிற்சாலையில பதினொரு வருசம். ஒரு மாசம் தவறாம வரி கட்டுறன். எனக்கொரு வாக்குமில்லை" என்றார். "ஆரோ ஒருத்தன் என்னட்டையும் வந்து கை குடுத்தான். நல்லாத்தான் இருந்தது, அதுதான்."

கோபம் கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அதன் மேல் ஒரு பாரமும் ஏறிவிட்டது.

தேர்தல் நாள். நான் என் வேலை நேரத்தை இன்னொரு தாதியோடு மாற்றிக்கொண்டேன். நல்ல சேலையாக எடுத்து உடுத்தேன். வெளியே வந்து பார்த்தால் இவர் கோட் சூட்டில் நிற்கிறார்.

"நீங்கள் எங்கை?"

"துணைக்கு வாறன்."

வாக்குச்சாவடி ஒரு ஆரம்பப் பள்ளி. மேசையில் இருந்த வயதான பெண்மணியிடம் இவரே என் அட்டையை எடுத்து நீட்டினார். அவர் அட்டையைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள்தானே வாக்காளர்?" என்று கேட்டார்.

"ஆமாம், நான்தான்" என்றேன். அந்த ஒரு கேள்விக்காக அவர் கையைப் பிடித்துக் கும்பிடலாம் போல இருந்தது. அத்தனை நாளில் வாக்கைப் பற்றி என்னையே கேட்ட முதல் ஆள் அவர்!

இவர் மறைப்புக்குள்ளும் பின்னால் வரப் பார்த்தார். "ஐயா, நீங்கள் வெளியே" என்று சொல்லிவிட்டார்கள். தாழ்வாரத்தில், பிள்ளைகள் கீறிய படங்களுக்குக் கீழே போய் நின்றார்.

உள்ளே ஒரு சிறிய மேசை. ஒரு பென்சில். எத்தனையோ பேருக்கு ஊசி போட்ட கையால் அதை எடுத்தேன். அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. சங்கத்தையும் நினைக்கவில்லை, கழகத்தையும் நினைக்கவில்லை. ஆறுதலாக இரண்டு பேரைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததை யோசித்தேன். ஒரு புள்ளடி போட்டேன். மடித்தேன். பெட்டியில் போட்டேன்.

யாருக்கு என்று வாசகர்கள் கடிதம் எழுதிக் கேட்க வேண்டாம். சொல்ல மாட்டேன்.

அன்று பின்னேரம் தொடங்கியது போன். எல்லாம் இவருக்குத்தான்.

"தங்கச்சி போட்டவவோ?"

"ஓம், போட்டவ."

"ஆருக்கு?"

"எனக்குத் தெரியாது அண்ணை."

நம்பினால்தானே! "மனுசி ஆருக்குப் போட்டதெண்டு தெரியாத மனுசனும் இருக்கிறானோ?" என்று ஜோர்ஜ் தம்பி சிரித்தது எனக்கே கேட்டது. இவர் போனை வைத்தார். முகம் சுருங்கிவிட்டது. என்னிடம் கேட்பார், கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

தேர்தலில் வாத்தியார் வென்றுவிட்டார்.

நேற்றுச் சனிக்கிழமை நானும் இவரும் சந்தைக்குப் போனோம். வாத்தியார் நன்றி சொல்வதற்காக ரோஜாப்பூக்களோடு நின்றார். பக்கத்தில் வெற்றிச் சிரிப்போடு யார்? சிவஞானம் அண்ணைதான்! எங்களைக் கண்டதும் ஓடிவந்து இவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன்.

வாத்தியார் இவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். "தமிழ் மக்களின் முந்நூறு வாக்குகளை நான் மறக்கவே மாட்டேன்" என்றார். பிறகு ஒரு ரோஜாவை எடுத்து இவரிடமே நீட்டி, "இது உங்கள் மனைவிக்கு" என்றார்.

நான் இவருக்குப் பக்கத்தில், ஒரு அடி தள்ளி நிற்கிறேன்!

வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனேன். அதற்குள் இவர் பேசினார், தன் தொழிற்சாலை ஜேர்மனில்.

"மன்னிக்க வேண்டும். முந்நூறு இல்லை. ஒன்று. அதுவும் என்னுடையது இல்லை, இவருடையது. யாருக்குப் போட்டார் என்று எனக்கும் தெரியாது."

சிவஞானம் அண்ணை தூரத்தில் இருந்த மீன் கடையைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். வாத்தியாரின் முகம் சிவந்தது. ஆனால் மனிதர் கெட்டிக்காரர். சட்டென்று என் பக்கம் திரும்பி ரோஜாவை நீட்டினார்.

"அந்த ஒன்று... எனக்குத்தானே?"

"அதைச் சொல்ல மாட்டேன்" என்றேன். "ஆனால் எங்கள் ஆட்களின் விசாப் பிரச்சினையைப் பற்றி உங்களோடு கதைக்க ஒரு டெர்மின் வேண்டும்."

டயறியை எடுத்துச் சந்திக்க ஒரு நேரம் குறித்தார். செவ்வாய்க்கிழமை பத்து மணி. அவ்வளவுதான். முப்பது பேர் ஒரு பின்னேரம் முழுக்கக் கத்திய விஷயம், ரோஜா வாங்கி முடிகிற நேரத்தில் ஒழுங்காகிவிட்டது.

திரும்பும்போது சிவஞானம் அண்ணை மெல்லக் கிட்ட வந்தார். "தங்கச்சி, அந்த டெர்மினுக்கு ஆர் ஆர் போறதெண்டு முடிவெடுக்க ஒரு கூட்டம் வைப்பமோ?" என்றார். நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு நடந்து வந்தோம். பாதி வழியில் எனக்கு உறைத்தது. என்னைக் கேட்கவில்லை, என்னைக் கேட்கவில்லை என்று ஒரு மாதமாக எரிந்துகொண்டிருந்தேனே... இந்த மனிதரை யாராவது கேட்டார்களா? அவரிடம் வந்தவர்கள் எல்லாம் கேட்டது என் வாக்கைத்தான்.

"இஞ்சேருங்கோ" என்றேன். "உங்களுக்கு வாக்கிருந்தா, நீங்கள் ஆருக்குப் போட்டிருப்பியள்?"

நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். ஏதோ பரீட்சைக் கேள்வி மாதிரி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். வீட்டு வாசல் வரைக்கும் யோசித்தார். பிறகு பெயரைச் சொன்னார். ஏன் என்று காரணமும் சொன்னார், விரிவாக, தேநீர் ஆறும் வரைக்கும்.

எந்தப் பெயர் என்று எழுத மாட்டேன் — அவருடைய வாக்கும் இரகசியம்தான்.