விறகு ரூமில் ஒரு பெரிய மச்சான்

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வேதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்போது எங்கள் வீட்டில் மொத்தம் எட்டு ஜீவன்கள். ஏழு பேர் மனிதர்கள். எட்டாவது ஆளை விறகு ரூமில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தோம்.

போட்டவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன் — நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்டுவதைவிட அது கௌரவம்.

எட்டாவது ஆளின் பெயர் மேஜர். புல்டாக்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு மேஜரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். விழுப்புரம் ஜங்ஷனில் எஞ்சின் டிரைவராக இருந்த ஓர் ஆங்கிலோ இந்திய துரை, குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். போகும்போது, கூட வேலை பார்த்த என் நைனாவிடம் மேஜரை ஒப்படைத்துவிட்டுப் போனார். நைனா ஏன் வாங்கிக்கொண்டார்? முகத்தைப் பார்த்துத்தான்.

"இந்த மூஞ்சி வாசல்ல இருந்தா பூட்டே வாணாம்டா" என்றார்.

புல்டாக் பார்த்ததில்லையா நீங்கள்? ஒரு நல்ல நாயின் முகத்தில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டு, எடுக்க மறந்துபோனால் எப்படி இருக்கும்... அதுதான். கன்னம் இரண்டும் தொங்கும். கீழ்ப்பல் வெளியே எட்டிப் பார்க்கும். முன்னங்கால்கள் பயில்வான் மாதிரி அகன்று நிற்கும். பார்க்கிறவனுக்குக் குலை நடுங்கும்.

குணமோ? வந்த மறுநாள் பால்காரர் காலடியில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினார் மேஜர். மூன்றாம் நாள் கீரைக்காரம்மாவின் கூடையில் தலையை வைத்துத் தூங்கினார். நைனா மறுபடியும் பூட்டு வாங்கினார்.

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார் — கரும்புத் தோட்டக் காவலுக்கு புல்டாக் ஆகுமா என்று. ஆகாது சார்! திருடன் வந்தால், எழுந்திருக்கலாமா என்று யோசிக்கும். யோசித்து முடிப்பதற்குள் உங்கள் கரும்பு வெல்லமாகிவிடும். காவல்தான் முக்கியம் என்றால் மாஸ்டிஃப் என்று ஒரு ஜாதி உண்டு. புல்டாகுக்குப் பெரியப்பா முறை. கன்றுக்குட்டி உயரம். வாசலில் சும்மா நின்றாலே போதும், வந்தவன் வந்த வழியே போய்விடுவான். ஆனால் அதற்கும் வீட்டு ஆட்கள் என்றால் உயிர், வெயில் என்றால் ஆகாது. ஜொள்ளு விஷயத்தில் பெரியப்பாவுக்கும் பிள்ளைக்கும் வித்தியாசமே கிடையாது. எல்லாம் துரை சொல்லித் தெரிந்ததுதான்.

துரை இரண்டு பக்கத்துக்கு எழுதியும் கொடுத்திருந்தார். முகத்து மடிப்புகளைத் தினமும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும், ஈரம் தங்கினால் புண்ணாகும். குளம் குட்டையில் இறக்கக் கூடாது, தலை கனம், கல் மாதிரி மூழ்கும். சூரியன் ஏறுவதற்கு முன் நடை. தொண்டையில் கோழை கட்டினால் எலுமிச்சம்பழச் சாறு. எல்லாவற்றுக்கும் கீழே இரண்டு கோடு போட்டு ஒரு வரி — 'மூக்கு சப்பை என்பதால் சூட்டைத் தாங்காது. குறட்டை விட்டால் கவலைப்படாதீர்கள். விடாவிட்டால் கவலைப்படுங்கள்.'

இதை நான் ஒரு தடவை படித்தேன். வேதா மனப்பாடம் செய்தாள். மேஜருக்குத் துடைப்பது, ஊட்டுவது, மத்தியானத்தில் ஈரத்துண்டு போர்த்துவது எல்லாம் அவள்தான். மேஜர் படுப்பதும் அவள் பாய்க்குப் பக்கத்தில்தான்.

சரி, விறகு ரூம் எதற்கு? தை மாதம் ஒரு பார்ட்டி பெண் பார்க்க வந்தது. வாசலில் மேஜர் பிரியமாக எழுந்து நின்று வரவேற்றார். மாப்பிள்ளையின் சித்தப்பா வந்த ஜட்கா வண்டியிலேயே திரும்ப ஏறிக்கொண்டார். கடைசிவரை இறங்கவில்லை. அந்த இடம் அதோடு போயிற்று. அதற்கு முந்தின இடம் வேறு காரணத்துக்குப் போனது. வேதாவுக்கு வயது இருபத்து நாலு. அம்மா ராத்திரி சாப்பாட்டையே நிறுத்தியிருந்தாள்.

அதனால் தரகர் இந்தத் தடவை கண்டிஷனாகச் சொல்லிவிட்டார்.

"பொண்ணைக் காட்டுங்க, வூட்டைக் காட்டுங்க. நாயை மட்டும் காட்டாதீங்க. கால்ல வேணா வுழறேன்."

வருகிறவர்கள் திண்டிவனத்துக்காரர்கள். பையன் தனசேகர், தாலுகா ஆபீஸில் கிளார்க். கூட அவன் அம்மா மட்டும். ஒன்பது மணிக்கு வந்துவிடுவார்கள் என்று எட்டரைக்கே மேஜரை உள்ளே தள்ளினேன். ஒரு பேசினில் தண்ணீர், கீழே ஈரச் சாக்கு.

"தகரக் கூரைண்ணா... காத்தே வராது" என்றாள் வேதா.

"அரை மணி நேரந்தானே? போய்ப் புடவை கட்டு" என்றேன்.

அரை மணி நேரமா? அவர்கள் வந்த பஸ் கூட்டேரிப்பட்டில் பஞ்சர்! வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. சித்திரை வெயில் வாசலில் நின்று கொதித்துக்கொண்டிருந்தது. நானோ வந்தவர்களுக்கு மோர் கொடுக்கிற அவசரத்தில் விறகு ரூமை மறந்தே போனேன்.

பையனின் அம்மா நல்ல வாட்டசாட்டம். மாம்பழக் கலர் பட்டுப் புடவை. வெற்றிலை, பூ, பழம், எலுமிச்சம்பழம் வைத்த தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். பையன் தலை நிமிரவே இல்லை. நைனா தொண்டையைக் கனைத்தார். சரியாக அந்த நேரத்தில் ஆரம்பித்தது.

கொர்ர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... கொர்ர்ர்ர்ர்!

"இன்னாங்க சத்தம் அது?" என்றார் அந்த அம்மாள்.

"லைன்ல ஷன்ட்டிங்குங்க" என்றார் நைனா.

"மெஷின்ல மாவு அரைக்கிறாங்க" என்றாள் அம்மா, அதே விநாடியில்.

"ஷன்ட்டிங்கா, மாவு மெஷினா?"

"ரெண்டும்" என்றார் தரகர்.

அந்த அம்மாள் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். "மெஷினு இப்படி மூச்சு உடாதே... இது கொறட்டை. யாருங்கண்ணா தூங்கறது?"

நைனாவின் முகத்தில் வேர்வை. "என் பெரிய மச்சானுங்க. நைட் டூட்டி பார்த்துட்டு வந்து படுத்திருக்காரு."

அம்மா திடுக்கிட்டு நைனாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு அண்ணனே கிடையாது.

"டெய்லி இப்படித்தானா?"

"சேச்சே... எப்பவாச்சும்."

"பொண்ணுக்கு இந்தச் சத்தத்துல தூக்கம் வருமா? பழகிடிச்சா?"

இந்தக் குறுக்கு விசாரணையில் வக்கீல் கெட்டார்! இழுப்பு இருக்கிற வம்சம் என்று முடிவு கட்டிவிட்டார்கள், இந்த இடமும் போச்சு என்று நினைத்தேன். விறகு ரூம் பக்கம் பார்த்து, 'கொஞ்சம் வாயை மூடேண்டா' என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

வேதா காபித் தட்டோடு வந்தாள். பையன் முதல் தடவையாக நிமிர்ந்தான். நிமிர்ந்தது நிமிர்ந்தபடியே இருந்தான். தரகர் என் தொடையில் கிள்ளினார், சந்தோஷத்தில்.

அப்போது சத்தம் நின்றது.

'மயிலம் முருகா!' என்று நைனா முணுமுணுத்தார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. வேதா மட்டும் நடுக்கூடத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணா... சத்தம் நின்னுபோச்சு."

"நிக்கட்டும்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். வைத்தாளா, போட்டாளா தெரியாது — ஐந்து டம்ளரும் உருண்டன. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே ஓட்டம். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் ஓடினால் என்ன செய்வார்கள்? எல்லோரும் பின்னாலேயே ஓடினோம்.

தாழ்ப்பாளைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. பேசின் கவிழ்ந்து கிடந்தது. சாக்கு காய்ந்து மொரமொரவென்றிருந்தது. மேஜர் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார். நாக்கு நாவல்பழம் தின்ற மாதிரி நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு இருக்கிறதா, இல்லையா... தெரியவில்லை.

"மேஜரு! டேய், மேஜரு!" வேதா அவரைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. நான் சிலையாக நின்றேன். பின்னங்கால் பக்கம் தூக்கியது யார் தெரியுமா? தனசேகர்! இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு.

கிணற்றடி நிழலில் போட்டார்கள். "ஐஸ் கெடைக்குமா?" என்று தரகர் கத்தினார். "ஐஸ் வாணாம், கெணத்துத் தண்ணியே போதும்" என்றாள் வேதா. வயிற்றில், அக்குளில், பாதத்தில் என்று மெதுவாக ஊற்றினாள். தனசேகர் மேல்துண்டை எடுத்து விசிற ஆரம்பித்தான். வேதா மேஜரின் வாய்க்குள் விரலை விட்டு, கயிறு மாதிரி திரண்டிருந்த கோழையை வழித்துப் போட்டாள்.

"எலுமிச்சம்பழம்! அண்ணா, ஜல்தி!"

சமையலறையில் ஒன்றுகூட இல்லை. மோர் போடும்போது எல்லாவற்றையும் பிழிந்தாயிற்று. நான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே பேயறைந்த மாதிரி நின்றேன்.

அந்த அம்மாள் என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கூடத்துக்குள் போனார். தாம்பூலத் தட்டிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தார்.

"ஐயோ, தட்டுல கை வெக்காதீங்கம்மா! நிச்சயம் பேசறதுக்கு முன்னாடி எடுத்தா அபசகுனம்!" என்று தரகர் அலறினார்.

"உசுரு போய்க்கினு இருக்குது, சகுனம் பார்த்துக்கினு கீற!" என்று சொல்லிக்கொண்டே பழத்தைப் பல்லால் கடித்துப் பிளந்தார். கிணற்றடிச் சேற்றில் பட்டுப் புடவையோடு உட்கார்ந்தார். "வாயைப் புடி கண்ணு. மாட்டுக்கு எத்தினி வாட்டி பார்த்திருக்கேன்... ம், புடி." பிழிந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. வேதா சத்தமில்லாமல் அழுதுகொண்டே தண்ணீர் ஊற்றினாள். எனக்கும் கண்ணில் நீர் முட்டியது. அந்தத் தாழ்ப்பாளைப் போட்ட கை என்னுடையது. ஒரு கல்யாணத்துக்காக, நம்பிப் படுத்திருந்த ஒரு ஜீவனைக் கொன்றுவிட்டேனே!

மேஜர் தும்மினார்.

ஒரு தும்மல். இன்னொன்று. அப்புறம் நீளமாக ஒரு மூச்சு. நாக்கில் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது. கண்ணைத் திறந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஓர் எட்டு எடுத்து வைத்து நகர்ந்து, அந்த அம்மாளின் மாம்பழப் பட்டு மடியில் தலையைச் சாய்த்தார். ஒரு படி ஜொள்ளு இருக்கும். அதோடு... கொர்ர்ர்ர்ர்!

நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இவருதாங்க... என் பெரிய மச்சான்."

அந்த அம்மாள் சிரித்தார் பாருங்கள்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அம்மா சிரித்தாள். தரகர்கூடச் சிரித்தார். தனசேகர் மட்டும் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"நானும் சொல்லிடறேங்கண்ணா" என்றார் அந்த அம்மாள், சிரிப்பு அடங்கியதும். "ஒளிச்சி வெச்சி கல்யாணம் பண்ணக் கூடாது. என் புள்ள தங்கமான புள்ள. குடி கெடையாது, சீட்டு கெடையாது. ஆனா படுத்தான்னா..." மடியைக் காட்டினார். "இவரு பரவால்ல."

"அம்மா!" என்றான் தனசேகர், துண்டுக்குள்ளிருந்து.

"சும்மா இருடா. ரெண்டு எடம் இதாலயே தட்டிப்போச்சுங்க. ஒரு பொண்ணோட அப்பா இவன்கூட ஒரே ரயில் பொட்டியில தூங்கிக்கினு வந்தாரு... எங்க தூங்கறது, முழிச்சிக்கினு வந்தாரு. எறங்கினதும் வேற எடம் பார்த்துட்டாரு. அதான் வந்ததுலேர்ந்து கொறட்டையைப் பத்தியே கேட்டுக்கினு இருந்தேன். இந்தச் சத்தத்துல தூங்கற பொண்ணு கெடைச்சா போதும்னு கோயில் கோயிலா சுத்திக்கினு கெடந்தேன். சத்தம் நின்னா எழுந்து ஓடற பொண்ணு கெடைச்சிருக்குது. வேற இன்னா வோணும் எனக்கு?"

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெண் பார்ப்பது என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? இரண்டு வீட்டாரும் அவரவர் விறகு ரூமைப் பூட்டிவிட்டு வந்து, எதிரெதிரே உட்கார்ந்து சிரிப்பதுதான். எங்கள் வீட்டில் மேஜர் தாழ்ப்பாளைத் திறக்க வைத்தார்.

இப்போது தினமும் காலையில் மேஜரின் முகமடிப்பைத் துடைப்பது என் டூட்டி. வேதாவின் உத்தரவு. தண்டனை என்றும் சொல்லலாம். ஒரு மடிப்பு விட்டாலும் கண்டுபிடித்துவிடுகிறாள்.

அன்றைக்கு நடந்த கடைசி விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே! நைனா வேதாவைப் பார்த்து, "நீ இன்னாம்மா சொல்ற?" என்று கேட்டார். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணிடமும் யாரும் கேட்காத கேள்வி.

வேதா மேஜரின் காதைத் தடவிக்கொண்டே, நனைந்து நின்ற தனசேகரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவரு... வெயில் தாங்குவாரா?"

துண்டு மெதுவாக விலகியது. "நெழலாப் பார்த்து உக்காந்துக்கறேங்க" என்றான் தனசேகர்.

ஆவணியில் முகூர்த்தம். அதற்குள் வெயில் தணிந்துவிடும்.